ஆற்றுக்கும் ஒரு பங்கு

ஆற்றின் நீரை மாந்தர் தம்முட் பங்கிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. வாய்க்கால் வெட்டிய நாள்தொட்டே மேல்மடையிலுள்ளோன் எவ்வளவு கொள்ளலாம், கடைமடையிலுள்ளோன் எவ்வளவு பெறவேண்டும் என்னும் வினாவும் உடன் தோன்றிற்று. ஆயின், பங்கிடும் அவையில் ஆறும் ஒரு பங்காளியாக அமர்தற்குரியதோ என்னும் வினா அண்மைக்காலத்தது. மீனும் பறவையும் கரைமரமும் கழிமுகமும் வாழ்வதற்கு வேண்டிய நீரை, அநுமதிப்பத்திரம் பெற்று நீரெடுப்போரின் உரிமையைச் சிதைக்காது ஒதுக்குவது எவ்வாறு? இவ்வினாவை ஏட்டளவில் விடாது, சட்டமாகவும் கணக்காகவும் ஆக்கிப் பார்த்த நாடுகளுள் முன்னிற்பது அவுஸ்திரேலியா. அந்நாட்டு மறே–டார்லிங் வடிநிலத்தின் வரலாறு, இவ்விடயத்தில் மனிதர் பெற்ற வெற்றியையும் இடறிய இடங்களையும் ஒருங்கே காட்டவல்லது.

மறே–டார்லிங் வடிநிலம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அவுஸ்திரேலியக் கண்டத்தின் ஏழிலொரு பங்கு. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா என்னும் நான்கு மாநிலங்களும் தலைநகர்ப் பிரதேசமும் அதிற் பங்குடையன. இத்துணைப் பரந்த நிலமாயினும், அங்கு ஓடும் நீர் சிறிது. பெய்யும் மழையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்துக்கு மேல் ஆவியாகியும் மரஞ்செடிகளால் உறிஞ்சப்பட்டும் போய்விடும். எஞ்சி ஆறுகளிற் சேர்வது சராசரியாக ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 32,500 ஜிகாலீற்றர் ஆகும். ஒரு ஜிகாலீற்றர் என்பது நூறு கோடி லீற்றர். சராசரி என்னும் சொல்லும் ஈண்டு ஏமாற்றுவது. ஓராண்டில் வெள்ளம் கரைபுரளும். அடுத்து வரும் பல ஆண்டுகளில் ஆற்றுப்படுக்கை குட்டைகளாகத் துண்டுபடும். இத்தகைய நிலத்திலேதான் அந்நாட்டின் கமத்தொழில் விளைவின் பெறுமதியில் ஏறக்குறைய ஐந்திலிரு பங்கு உண்டாகின்றது.

ஆங்கிலேயர் அந்நாட்டிற் குடியேறியபோது தம் நாட்டு வழக்கையே உடன்கொண்டு சென்றனர். ஆற்றங்கரையில் நிலமுடையான் ஆற்றுநீரை நியாயமான அளவிற் பயன்படுத்தலாம் என்பதே அவ்வழக்கு. மழைவளம் மிக்க இங்கிலாந்துக்கு அது பொருந்தியது. வறண்ட நிலத்துக்குப் பொருந்தவில்லை. கரையோர நிலமுடையார் சிலரே. நீர் வேண்டியோர் பலர். ஆதலின், 1886ஆம் ஆண்டில் விக்டோரியாவில் அல்பிரட் டீக்கின் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம், ஆற்றுநீரைப் பயன்படுத்தும் உரிமை முடிக்குரியது என விதித்தது. அரசு அநுமதி வழங்க, அதனைப் பெற்றவர் நீரெடுப்பர் என்னும் முறை இவ்வாறு வேரூன்றியது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்னியாவிலிருந்து வந்த சாபி சகோதரர்கள் மில்டியூராவிலும் றென்மார்க்கிலும் நீர்ப்பாசனக் குடியேற்றங்களைத் தொடங்கினர். பாலைபோற் கிடந்த நிலத்தில் முந்திரிகையும் தோடையும் தழைத்தன.

1901ஆம் ஆண்டில் மாநிலங்கள் ஒன்றிணைந்து சமஷ்டியாயின. ஆற்றுநீரின்மீது தமக்குள்ள பிடியை அவை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அரசியலமைப்பின் 100ஆம் பிரிவு, நீரைச் சேமித்தற்கும் பாசனத்துக்கும் நியாயமாகப் பயன்படுத்த மாநிலங்களுக்குள்ள உரிமையை மத்திய அரசாங்கம் தன் வர்த்தகச் சட்டங்களாற் குறைத்தலாகாது எனத் தடுத்தது. நெடிய வாதங்களின்பின் மறே ஆற்றுநீர் உடன்படிக்கை 1914இல் இயற்றப்பட்டு, அதனை நடத்தும் ஆணைக்குழு 1917இல் அமைந்தது. அதன் சாரம் எளிமையானது. மறேயின் மேற்பகுதி நீரை நியூ சவுத் வேல்சும் விக்டோரியாவும் சமமாகப் பகிர்தல் வேண்டும். தத்தம் எல்லைக்குட்பட்ட கிளையாறுகளின் நீரை அவ்வவையே கொள்ளலாம். ஆற்றின் கடைமடையாகிய தென் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு குறித்த அளவை அவ்விரண்டும் கீழே விடுதல் வேண்டும். இவ்வுடன்படிக்கை அக்காலத்துக்கு மிகச் சிறந்த ஏற்பாடே. மூன்று அரசுகளுக்கும் பங்கு வகுத்த அவ்வேட்டில் ஆற்றுக்கென மட்டும் ஒரு பங்கு வகுக்கப்படவில்லை. அவ்வாறு வகுக்கவேண்டும் என அன்று எவரும் எண்ணியதுமில்லை.

பின்னர் அணைகள் எழுந்தன. ஹியூம் அணை 1936இல் நிறைவெய்தியது. கடலுப்பு நீர் ஆற்றினுள் ஏறாவண்ணம் ஆற்றுமுகத்தருகே ஐந்து தடுப்பணைகள் 1940இல் முற்றுப்பெற்றன. டார்ட்மத் அணை 1979இல் வந்தது. அணைகள் நீரின் அளவை மாத்திரமன்றி அதன் காலத்தையும் மாற்றின. இயற்கையில் மறே ஆறு மாரியிலும் வசந்தத்திலும் பெருகிக் கோடையில் மெலியும். நீர்ப்பாசனத்துக்கோ கோடையிலேதான் நீர் வேண்டும். ஆதலின் மாரிநீர் அணையிற் சிறைப்பட, கோடையில் ஆறு நிரம்பி ஓடிற்று. வெள்ளம் பரவுங் காலத்தை நோக்கி முட்டையிடும் மீனுக்கும், சில ஆண்டுகளுக்கொருமுறை வெள்ளத்தில் நின்று வேர் நனைந்தாலன்றி வாழாத ஆற்றங்கரை யூக்கலிப்டஸ் மரங்களுக்கும் இம்மாற்றம் பெருங்கேடாயிற்று. அணையின் அடியிலிருந்து திறந்துவிடப்படும் குளிர்நீர் பல காததூரம் மீனினத்தின் பெருக்கத்தைக் குன்றச்செய்தது.

கேட்டின் அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1981ஆம் ஆண்டில் மறே ஆற்றின் முகத்துவாரம் மணலால் அடைபட்டது. கண்டத்தின் பேராறு கடலைச் சென்றடைய வலியற்றுப் போனமை மக்களைத் திடுக்கிடச் செய்தது. 1991ஆம் ஆண்டின் இறுதியில் டார்லிங் ஆற்றில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அதன்பின் நீர்க்கணக்கை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை இது: கடலைச் சேரும் நீரின் இடைநிலை அளவு இயற்கையில் இருந்ததன் ஐந்திலொரு பங்காகச் சுருங்கிவிட்டது. இயற்கையில் நூறாண்டில் ஐந்தாண்டுகளே கண்ட கடும் வறட்சி நிலையை ஆற்றின் கடைப்பகுதி அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளிற் காணும் நிலை வந்துற்றது. வானம் பொய்க்காத ஆண்டிலும் ஆறு வறட்சியுற்றதெனின், அவ்வறட்சியை விளைத்தது மனிதன் கையேயாகும்.

இதன்மேல் 1995இல் தற்காலிகமாகவும் 1997இல் நிலையாகவும் ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1993–94ஆம் ஆண்டின் அபிவிருத்தி நிலையில் எவ்வளவு நீர் எடுக்கப்பட்டிருக்குமோ அதற்கு மேல் எடுத்தலாகாது என்பதே அவ்வரம்பு. இது நோயை நிறுத்தியதேயன்றி ஆற்றவில்லை. மேலும் எதிர்பாராத ஓர் இடரும் நேர்ந்தது. முற்காலத்தில் அரசுகள் அநுமதிப்பத்திரங்களைத் தாராளமாக வழங்கியிருந்தன. அவற்றுட் பல பெட்டியில் உறங்கிக்கிடந்தன. நீருரிமையை விற்கவும் வாங்கவும் வழிபிறந்தபோது, உறங்கிய பத்திரங்கள் விலைபோய் விழித்தெழுந்தன. காகிதத்திலிருந்த நீர் ஆற்றிலிருந்து இறைக்கப்படலாயிற்று. அளவறியாது அநுமதி வழங்கும் அரசு, இல்லாத சொத்தைப் பலருக்கு எழுதிக்கொடுத்த தந்தையை ஒக்கும்.

இவ்விடத்து உரித்து, ஒதுக்கீடு என்னும் இரண்டன் வேறுபாட்டை மாணவர் தெளிதல் வேண்டும். அநுமதிப்பத்திரம் தருவது உரித்து. அஃது இத்துணை லீற்றர் நீர் நிச்சயம் கிடைக்கும் என்னும் வாக்குறுதியன்று. நீர்த்தேக்கத்தில் உள்ள நீரில் ஒரு பங்குக்குரிய உரிமையேயாகும். ஆண்டுதோறும் யூலை மாதந் தொடங்கித் தேக்கத்தின் நிலையை நோக்கி, உரித்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் இவ்வாண்டு தரப்படும் என அரசு அறிவிக்கும். அதுவே ஒதுக்கீடு. நூறு அலகு உரித்துடைய ஒருவர், ஒதுக்கீடு நூற்றுக்கு 40 வீதமாயின் நாற்பது அலகே பெறுவர். உரித்திலும் படிகள் உள. உயர் உறுதி உரித்துடையோருக்கு முதலில் வழங்கப்படும். பழமரத் தோட்டக்காரர் பெரும்பாலும் இதனை நாடுவர், ஏனெனில் மரம் ஓராண்டு நீரின்றிப் பட்டால் மீண்டும் வளரப் பல்லாண்டு செல்லும். பொது உறுதி உரித்து அதன் பின்னர் வருவது. நெல், பருத்தி போன்ற ஆண்டுப்பயிர் செய்வோர் இதனைக் கொண்டு, நீர் குறைந்த ஆண்டில் விதையாது விடுவர். கடும் வறட்சியில் இவ்வுரித்துக்கு ஒன்றும் கிடையாமற் போனதும் உண்டு. இவ்வாறு பஞ்சத்தையும் பங்கிடுவதே இம்முறையின் சிறப்பு.

சுற்றாடலுக்கு நீர் ஒதுக்க இரு வழிகள் உள. முதலாவது, விதியால் ஒதுக்குதல். ஆற்றில் இன்ன அளவு நீர் ஓடும்வரை எவரும் இறைத்தலாகாது என்றோ, அணைக்கு வரும் நீரில் இன்ன பங்கைத் திறந்துவிட வேண்டும் என்றோ பங்கீட்டுத் திட்டத்தில் எழுதுவர். நியூ சவுத் வேல்சின் 2000ஆம் ஆண்டு நீர் முகாமைச் சட்டம், நீர்மூலத்தையும் அதனைச் சார்ந்த உயிர்ச்சூழலையும் பங்கீட்டில் முதற்கண் பேணவேண்டும் எனக் கூறியது. எனினும் 1997 தொடக்கம் 2009 வரை நீடித்த பெருவறட்சியின்போது இத்திட்டங்கள் சில இடங்களில் இடைநிறுத்தப்பட்டன. விதியால் வந்த நீர் நெருக்கடியில் விதியாலேயே போயிற்று. இரண்டாவது வழி, ஆற்றையும் அநுமதிப்பத்திரக்காரருள் ஒருவராக்குதல். அரசு பொதுப்பணத்தைக்கொண்டு, மனமுவந்து விற்போரிடமிருந்து உரித்தை வாங்கிச் சுற்றாடலின் பேரிற் பதியும். அவ்வுரித்து அயற்கமக்காரரின் உரித்தோடு எவ்வகையிலும் ஒத்தது. அவருக்கு நூற்றுக்கு 40 வீதமெனின் ஆற்றுக்கும் அதுவே. அவருக்கில்லையெனின் ஆற்றுக்கும் இல்லை. எவருடைய உரிமையும் பறிக்கப்படாமையும், ஆற்றின் பங்கை ஒரு கையெழுத்தால் நீக்கமுடியாமையும் இவ்வழியின் இரு நன்மைகள்.

பெருவறட்சியே இரண்டாம் வழியைப் பேரளவில் மேற்கொள்ளத் தூண்டியது. முகத்துவாரத்தைத் திறந்துவைக்க 2002 முதல் 2010 வரை மணல்தோண்டும் பொறிகள் வேலைசெய்தன. 2009இல் ஆற்றின் இறுதியிலுள்ள அலெக்சாந்திரினா ஏரியின் நீர் கடல்மட்டத்திற்கும் கீழே இறங்கியது. வெளிப்பட்ட சேற்றுமண் காற்றுப்பட்டு அமிலமாகத் தொடங்கியது. மத்திய பாராளுமன்றம் 2007இல் நீர்ச்சட்டத்தை இயற்றியது. ஆற்றின்மீது நேரடி அதிகாரமில்லாத மத்திய அரசாங்கம் இதனை எவ்வாறு செய்தது என்பது குடியியல் பயில்வோர் நோக்கத்தக்கது. ஈர நிலங்களைப் பேணுதற்கு ஈரானிய நகராகிய றாம்சாரில் 1971இல் உண்டான சர்வதேச உடன்படிக்கை முதலியவற்றை நிறைவேற்றும் அதிகாரத்தையும், மாநிலங்கள் 2008இல் ஒப்படைத்த அதிகாரத்தையும் அது துணைக்கொண்டது. வடிநிலம் முழுவதற்கும் ஓர் அதிகாரசபை அமைந்தது. சுற்றாடல் உரித்துக்களை நிர்வகிக்கச் சுற்றாடல் நீர்க்காவலர் என்னும் பதவியும் உண்டாயிற்று.

2010ஆம் ஆண்டு அதிகாரசபை ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு, பாவனையிலிருந்து 3000 முதல் 4000 ஜிகாலீற்றர் வரை குறைக்கவேண்டும் என முன்மொழிந்தது. கிரிபித் என்னும் பாசன நகரத்தில் மக்கள் அந்நூற்பிரதிகளைத் தீயிலிட்டனர். அவர்தம் சினத்தை அறியாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. அரசின் அழைப்பை நம்பியே அவர்தம் முன்னோர் அந்நிலத்திற் குடியேறினர். அரசு தந்த பத்திரத்தை நம்பியே கடன்பட்டனர். ஈற்றில் 2012இல் சட்டமான வடிநிலத் திட்டம், ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட 13,623 ஜிகாலீற்றரை 10,873 ஆகக் குறைப்பதென விதித்தது. வேறுபாடாகிய 2750 ஜிகாலீற்றர் ஆற்றுக்கு மீட்கப்படவேண்டும். 2018இல், குறைந்த நீரால் அதே பயனைத் தரும் எனக் கருதிய வேலைத்திட்டங்களைக் காட்டி, இவ்விலக்கிலிருந்து 605 ஜிகாலீற்றர் கழிக்கப்பட்டது. தென் அவுஸ்திரேலியா அமைத்த அரச ஆணைக்குழு 2019இல், எல்லையை வகுத்தபோது அறிவியலினும் அரசியலே மேலோங்கியது எனக் கடிந்துரைத்தது. அதிகாரசபை அக்குற்றச்சாட்டை மறுத்தது.

நீரை மீட்கும் முறையிலும் கருத்து வேறுபட்டது. உரித்தை விலைக்கு வாங்குதல் செலவு குறைந்தது. ஆயின் ஒரு வாய்க்காலைச் சார்ந்த பலருட் சிலர் விற்று நீங்கினால், அவ்வாய்க்காலைப் பேணும் செலவு எஞ்சியோர் தலைமேல் விழும். விற்றவர் பணம் பெறுவர். அவர் நிலத்தில் வேலைசெய்த கூலியாளும், ஊரின் கடைக்காரரும், பிள்ளைகள் குறைந்த பாடசாலையும் ஒன்றும் பெறார். ஆதலின் வாய்க்காலுக்குச் சாந்திடல், குழாய் பதித்தல் முதலியவற்றால் வீணாகும் நீரைச் சேமித்து அதில் ஒரு பகுதியை ஆற்றுக்குத் தருதல் நன்று என்றனர் சிலர். இஃது ஊருக்கு இனியது. எனினும் ஒரே அளவு நீருக்கு இருமடங்குக்கு மேற்பட்ட செலவாகும். அன்றியும் வாய்க்காலிலிருந்து கசிந்த நீர் முழுவதும் வீணாயிற்று எனக் கொள்ளல் பிழை. அதில் ஒரு பகுதி நிலத்தடி வழியாக ஆற்றையே மீண்டும் சேர்ந்திருத்தல் கூடும். அவ்வாறாயின், சேமித்தோம் என எழுதிய நீர் முன்னரே ஆற்றுக்குரியதாயிருந்த நீரேயாகும். விலைக்கு வாங்குவதை 1500 ஜிகாலீற்றருக்கு மட்டுப்படுத்தி 2015இல் சட்டமியற்றினர். 2023இல் இயற்றிய சட்டம் அத்தடையை நீக்கித் திட்டத்தின் காலத்தையும் நீட்டியது.

நீர்க்காவலர் கைக்கு வந்த உரித்துக்கள் நீண்டகாலச் சராசரியில் ஏறக்குறைய 2000 ஜிகாலீற்றர் தருவன. அந்நீரைப் பயன்படுத்துவதும் ஒரு கலை. பார்மா–மில்லேவா வனத்தில் நீர்ப்பறவைகள் கூடுகட்டிய பின் வெள்ளம் விரைந்து வடிந்தால், தாய்ப்பறவை குஞ்சுகளை விட்டு நீங்கும். அவ்வேளை அணையிலிருந்து சிறிது நீர் விடுத்து வெள்ளத்தைச் சில வாரம் நீடிப்பித்தால் ஒரு தலைமுறைப் பறவை பிழைக்கும். நீரின் அளவினும் காலமே ஈண்டு முதன்மையானது. ஆயின், ஆற்றின் ஒடுங்கிய பகுதிகளும், கரையோரத் தனியார் நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கும் என்னும் அச்சமும் பெருவெள்ளம் விடுவதைத் தடுக்கின்றன. நீர் கையிலிருந்தும் வேண்டிய இடத்துக்கு வேண்டியவாறு செலுத்த முடியாமை இன்றும் தீராத குறையாகும்.

வடபகுதியாகிய பார்வன்–டார்லிங் ஆற்றில் வேறொரு குறை வெளிப்பட்டது. அங்கு பெரிய அணைகள் குறைவு. ஆறு குறித்த மட்டத்துக்கு உயரும்போது இறைக்கலாம் என்பதே பல பத்திரங்களின் நிபந்தனை. மேற்பகுதியில் ஆற்றுக்கென வாங்கி விடுத்த நீர் ஆற்றுமட்டத்தை உயர்த்த, கீழுள்ளோர் அந்நீரையே சட்டத்துக்கமைய இறைக்கலாம் என்னும் நிலை இருந்தது. நீர்த்திருட்டுப் பற்றிய குற்றச்சாட்டுக்கள் 2017இல் தொலைக்காட்சியில் வெளிவர, விசாரணை நிகழ்ந்தது. அதன்பயனாக அளவுமானி பொருத்துவதும் கண்காணிப்பும் இறுக்கப்பட்டன. 2018இல் நியூ சவுத் வேல்சில் இதற்கெனத் தனிச் சபையும் பிறந்தது. அளக்கப்படாத நீரைப் பங்கிடல் இயலாது என்னும் எளிய உண்மையை உணர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

2018ஆம் ஆண்டு டிசம்பர் முதல் மறு ஆண்டு ஜனவரி வரை மெனிந்தி ஏரிகளருகே டார்லிங் ஆற்றில் மீன்கள் பல இலட்சக்கணக்கில் செத்து மிதந்தன. வறட்சியும் மேற்பகுதியில் நீரெடுத்தலும் ஓட்டத்தை நிறுத்த, தேங்கிய நீரின் அடியில் ஒட்சிசன் அற்றது; திடீரெனக் குளிர்ந்த நாளில் மேல்நீரும் கீழ்நீரும் கலக்க, மீன்கள் மூச்சற்றன. 2023 மார்ச்சில் அதே இடத்தில் வெள்ளத்தின்பின் மீண்டும் மீன்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. ஆற்றின் நலம் நீரின் அளவொன்றிலேயே தங்குவதன்று என்பதை இது காட்டும். பங்கீட்டில் முற்றாக மறக்கப்பட்ட வேறொரு சாராரும் உளர். நாற்பதுக்கு மேற்பட்ட முதற்குடி இனத்தார் அவ்வாறுகளோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தவர். பத்திர முறை தோன்றியபோது அவர்க்குப் பத்திரம் எழுதுவார் இலர். இக்காலத்தும் அவர் வசமுள்ள நீருரித்து நூற்றிலொரு பங்கினும் குறைந்ததே.

இவ்வரலாற்றிலிருந்து தெளியத்தக்கவை சில. ஆற்றுக்குரிய பங்கை முதலில் அளந்து ஒதுக்கிய பின்னரே அநுமதிப்பத்திரம் வழங்கல் வேண்டும். அது செய்யாது போயின், கொடுத்ததை மீட்பதற்குப் பின்வருந் தலைமுறை பெரும்பொருள் செலவிட நேரும். பங்கு என்பது குறித்த அளவாயிராது வீதமாயிருத்தல் நன்று. அப்போதுதான் பெருக்கும் குறைவும் யாவர்க்கும் பொதுவாகும். எனினும் வீதம் ஒன்றே நீதியாகாது. கமக்காரர் ஓராண்டு விதையாது பொறுக்கலாம். மீனோ ஒரு நாளும் நீரின்றிப் பொறாது. ஆதலின் உயிர்நிலையைக் காக்கும் அளவு விதியாலும், அதற்கு மேற்பட்டது உரித்தாலும் அமைதல் பொருந்தும். பொதுநலத்துக்காகச் செய்யுங் குறைப்பின் சுமையை ஆற்றங்கரை ஊர்கள் மட்டும் சுமத்தலும் நீதியன்று.

வடிநிலத் திட்டம் 2026ஆம் ஆண்டில் மீளாய்வு செய்யப்படல் வேண்டும் எனச் சட்டம் விதித்தது. வெப்பம் மிகுந்து மழைநீர் குறையின், வகுத்த பங்குகள் யாவும் மீண்டும் சுருங்கும். அப்பொழுது ஆற்றின் பக்கமும் பயிர்செய்வோன் பக்கமும் நின்று வாதிடுவோர் ஒன்றை நினைத்தல் தகும். ஆறு கெட்டபின் கடைமடையில் வருவது உவர்நீரே. உவர்நீரில் எந்த உரித்தும் பயிராவதில்லை. ஆற்றுக்கு விடும் பங்கு பயிர்செய்வோன் இழந்த பங்கன்று. அவன் பேரன் இறைக்கப்போகும் நீருக்கு இன்று இடும் அத்திவாரமாகும்.